அம்மாவின் மூட்டும் சிட்டியின் கையும்

ரோபோ என்றால் நமக்குத் தெரிந்தது இரண்டே பேர். சுஜாதாவின் ஜீனோ, ரஜினியின் சிட்டி. ஒன்று நாய்; இன்னொன்று கல்யாணப் பெண்ணையே தூக்கிக்கொண்டு ஓடியது. அதனால் கே.கே. நகர் டாக்டர், "ரோபோ வைச்சு மறுபடி மூட்டு மாத்தலாம்" என்றதும் அம்மா என்னை அங்கிட்டுத் தள்ளிக்கொண்டு போய், "ஏண்டா, என் காலை மெஷின்கிட்டயா ஒப்படைக்கப் போறே?" என்றாள்.

வலது முழங்கால் மூட்டு மாற்றிப் பன்னிரண்டு வருஷம். நன்றாகவே உழைத்தது. போன வருஷம்தான் "உள்ள என்னமோ ஆடுதுடா" என்று ஆரம்பித்தாள். செயற்கை மூட்டின் நடுவே உள்ள பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகும். அந்தத் தூளை உடம்பு எதிரியென்று துரத்தும்போது பக்கத்து எலும்பும் அரித்துப்போகிறதாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை, மூட்டுக்குள்ளேயே!

ரோபோ தானாக அறுப்பதில்லை, பயப்படாதீர்கள். எலும்பில் சின்ன ஊசிகள் அடித்து அடையாளம் பொருத்துகிறார்கள். கேமரா அதைப் பார்த்து, கால் எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ரம்பம் டாக்டர் கையில். சில வகைகளில், போட்ட கோட்டைத் தாண்டினால் ரோபோ கை மறிக்கும். பெரியார் பஸ் ஸ்டாண்ட் டிராபிக் போலீஸ் மாதிரி, விசில் மட்டும் கிடையாது.

முதல் தடவை என்றால் எலும்பின் வளைவு நெளிவெல்லாம் ஸ்கேனில் தெரியும். இரண்டாம் தடவை? பழைய அடையாளத்தை ஏற்கெனவே வெட்டியாச்சு. உள்ளேயிருக்கும் உலோகம் சி.டி. ஸ்கேனில் மத்தாப்பாகச் சிதறிப் படத்தைக் கெடுக்கும். அதனால் ஸ்கேன் கேட்காமல், புள்ளி புள்ளியாகத் தொட்டே மேப் போடும் வகைகளும் உண்டு. ஆனால் பழைய மூட்டைப் பெயர்த்தெடுப்பது மெல்லிய ரம்பம், உளி, டாக்டரின் பொறுமை! அரித்துப்போன இடத்தில் உலோகத் துண்டு வைத்து, எலும்புக்குள் நீளத் தண்டு இறக்குவார்கள்.

1992-லேயே அமெரிக்காவில் இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு 'ரோபோடாக்' வந்துவிட்டது. ஆனாலும் 2000-லும் 2001-லும் பிரதமர் வாஜ்பாயின் இரண்டு முழங்காலையும் டாக்டர் சித்தரஞ்சன் ரனாவத் ரோபோ இல்லாமல்தான் மாற்றினார்.

"ரோபோ வைச்சா எத்தனை வருஷம் கூட வரும் சார்?" என்றேன். டாக்டர் மழுப்பவில்லை. "கோணம் துல்லியமா அமையும். ஆயுசு கூடும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ரிவிஷன்ல அனுபவம் இன்னும் கம்மி. முதல்ல மூட்டுல நீர் எடுத்துக் கிருமி இருக்கான்னு பார்ப்போம். இருந்தா பெரும்பாலும் ரெண்டு ஆபரேஷன். நடுவுல சில வாரம் மருந்து கலந்த சிமென்ட்தான் மூட்டு. அதை ரோபோ கண்டுபிடிக்காது."

அந்த ரிசல்ட் வரும் வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கிருமி இல்லை. மீனாட்சிக்கு மாலை சாத்தியாகிவிட்டது.

அடுத்தது பணம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு ரிவிஷன் மூட்டுக்கு வைத்த உச்ச விலை 1,13,950 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அது மூட்டுக்கு மட்டும். ரோபோ கட்டணம் அதில் அடங்காது. ஆபீஸ் நண்பர் பி.எஃப். பாரத்தை நீட்டினார். வருஷத்துக்கு எத்தனை ரிவிஷன் செய்கிறார் என்று டாக்டரிடமே கேட்டுத்தான் முடிவு செய்தேன். அவர் கைக்காகத்தான் போகிறோம்; ரோபோ கூட வந்தால் வரட்டும்.

வியாழக்கிழமை அட்மிஷன். நடக்கப் பழக்க ஆள் வேண்டுமே என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அதான் ரோபோ இருக்கே, உங்களுக்கு எதுக்குய்யா லீவு?"