இன்னும் கிட்டலியா?

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற காரோட்டில் எங்க வீட்டு கேபிளில் தமிழும் வரும், மலையாளமும் வரும். அதனால ஒரே இந்திக் கதையை மூணு தடவை பார்த்த குடும்பம் எங்களுது. மிட்டாய்க்கடைக்காரன் தன் பெண்டாட்டியை ஐ.பி.எஸ். ஆக்குற 'தியா அவுர் பாத்தி ஹம்', 2011இல் ஸ்டார் பிளஸில் தொடங்கினது. விஜய் டிவியில் டப்பிங்காக 'என் கணவன் என் தோழன்'. 2013இல் ஏசியாநெட்டில் 'பரஸ்பரம்'. 2020இல் மறுபடி விஜய் டிவியில் 'ராஜா ராணி 2'.

மாமி மரச்சீனித் தொலி உரிச்சிட்டே ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க: "ஏம் மக்களே, இவளுக்கு இன்னும் ஐ.பி.எஸ். கிட்டலியா?"

2018இல் 'பரஸ்பரம்' முடிஞ்சப்போ, வெடிகுண்டு மாத்திரையால் புருஷனும் பெண்டாட்டியும் வெடிச்சுச் செத்தாங்க. கேரளமே மீம் போட்டுச் சிரிச்சது. மாமி மட்டும் அழுதாங்க. சீரியல்காரங்களுக்கு யாரை அழவைக்கணுமோ அவங்களைத் தெரிஞ்சிருக்கு!

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுத்த 'மணிச்சித்ரத்தாழ்' (1993) இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனப்போ, பாதியில் எழுந்துட்டேன். மலையாளத்தில் ஷோபனா ஆடினதைப் பார்த்த கண்ணுக்கு வேற ஆள் ஒட்டல. மாமி கடைசிவரை உட்கார்ந்து பார்த்துட்டுச் சொன்னாங்க: "அந்தப் பிள்ளை ஆட்டமும் கொள்ளாம் கேட்டியா."