மலைச்சாலையின் பழைய தோழன்

போர்க்களத்திற்கெனப் பிறந்து, போர் ஓய்ந்தபின் உழவர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் துணையாக மாறிய ஊர்தி ஜீப். ஐரோப்பாவில் போர் பரவிக்கொண்டிருந்த 1940-ஆம் ஆண்டில், எடை குறைந்ததும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவதுமான உளவு ஊர்தி ஒன்றை வேண்டி, அமெரிக்கப் படைத்துறை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. மாதிரி ஊர்தியை 49 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் அக்கெடுவை ஏற்றது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைந்த வடிவில் உருவான ஊர்தி, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர்க்காலத்தில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின.

அந்த ஊர்தி நம் நாட்டிலும் வேர்கொண்டது. 1945-இல் எஃகு வணிகத்திற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனமே பின்னாளில் மகிந்திரா எனப் பெயர்பெற்றது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பொருத்தி விற்கத் தொடங்கியது; நாளடைவில் இங்கேயே உருவாக்கவும் செய்தது. தார்ச்சாலை எட்டாத ஊர்களுக்கு அரசு அலுவலர்களையும், காட்டுக்குள் வனத்துறையினரையும் கொண்டு சேர்த்தது அதுவே. எங்கள் போடிநாயக்கனூர்ப் பகுதியில், ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் போடிமெட்டுச் சாலையில் வரிசையாக ஏறும் ஜீப்புகளை இன்றும் காணலாம்.

அத்தகைய பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் செப்பனிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். 2019-இல், மலையடிவாரத் தென்னந்தோப்பு ஒன்றின் கொட்டகையில் 1969-ஆம் ஆண்டு ஜீப் ஒன்று கிடப்பதாக அறிந்து சென்றேன். தேங்காய் மட்டைகளுக்கு நடுவே, காற்றிழந்த நான்கு சக்கரங்களோடு அது நின்றிருந்தது. அதனை ஓட்டியவர் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மனைவியாகிய மூதாட்டி, பழைய இரும்பு வாங்க வந்த பலரைத் திருப்பி அனுப்பியவர். விலை பேசுமுன் அவர் என்னிடம் ஒன்றையே கேட்டார்: “ஓட்டுறதுக்கா தம்பி, உடைக்கிறதுக்கா?” ஓட்டுவதற்கே என்றேன். “அப்படின்னா எடுத்துக்கோ. அவரு மலைக்கு ஓட்டின வண்டி; அது மலையேறணும்” என்றார். விலையைவிட அந்தச் சொல்லே எனக்குப் பெரிய பொறுப்பாயிற்று.

பழைய ஊர்தியை வாங்குவோர் முதலில் காண வேண்டியது வண்ணத்தையன்று, எண்ணை. பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஊர்தியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்திருக்க வேண்டும். அவை ஒத்திருந்தன. அடுத்துக் காண வேண்டியது துரு. மேற்றகட்டில் உள்ள துருவை வெட்டியெறிந்து புதுத்தகடு பற்றவைக்கலாம். ஊர்தியின் முதுகெலும்பாகிய சேசிஸ் சட்டம் அரித்திருந்தால் செலவும் இடரும் பன்மடங்காகும். சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்றோம். திண்மையான இரும்பு கணீரென ஒலித்தது. அரித்த இடம் மந்தமாக ஒலித்தது. அத்தகைய இடங்கள் இரண்டே இருந்தன.

தட்டிப் பார்த்தவர் எங்கள் ஊரின் பழைய ஜீப் மெக்கானிக். எழுபது வயதைக் கடந்தவர். சிறு வயதிலேயே பட்டறைக்கு வந்துவிட்டதால் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் என்ஜினின் ஓசையைக் கேட்டே எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கூறிவிடுவார். அவரிடம் நான் கற்றவை பல.

அந்த ஜீப்பின் முன்மூடி ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதை அவரே விளக்கினார். போர்க்கால ஜீப்பின் என்ஜினில் வால்வுகள் அனைத்தும் கீழே என்ஜின் கட்டையில் இருந்தன. பின்னர் வந்த ‘ஹரிக்கேன்’ என்ஜினில் எரிபொருட்கலவையை உள்வாங்கும் வால்வு மேலே சிலிண்டர் தலைக்கு மாறியது. புகையை வெளியேற்றும் வால்வு கீழேயே நின்றது. இதனால் ஆற்றல் கூடியது. என்ஜினின் உயரமும் கூடியது. அதை மூடுவதற்காக முன்மூடியை உயர்த்தினர். ஒரு பொருளின் தோற்றத்திற்குப் பின்னே இவ்வாறு ஒரு காரணம் இருக்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

கியர்த் தண்டின் அருகே வேறு இரு சிறு தண்டுகள் இருந்தன. ஒன்று முன்சக்கரங்களுக்கும் உந்துவிசையைச் செலுத்துவது. மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவிசையை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்குவது. முன்சக்கரங்களை இணைத்த பின்னரே தாழ்விசைத் தண்டு இயங்கும். சேற்றிலும் சரளையிலும் இவ்வமைப்பு உயிர்காக்கும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் முன்சக்கர இணைப்பைப் பயன்படுத்தலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதலான தொலைவு சுழல்கின்றன. மண் தரையில் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும். பிடிப்புமிக்க சாலையில் அதற்கு வழியில்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். “வலு இருக்குன்னு எல்லா இடத்திலயும் காட்டக் கூடாது தம்பி” என்பார் பெரியவர்.

செப்பனிடும் பணி பதினான்கு மாதங்கள் நீடித்தது. என்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர்களின் மேற்பகுதி தேய்ந்து, விளிம்பில் விரல் நுனி தடுக்கியது. லேத்துப் பட்டறையில் சிலிண்டர்களை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பொருத்தினோம். முன்சக்கர அச்சின் கிங்பின் பேரிங்குகளைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள்கள் அலைந்தேன். டிங்கர் வேலை செய்தவர் அடித்தளத் தகட்டைக் கையாலேயே மடித்து உருவாக்கினார். வாங்கிய விலையைப் போல் இருமடங்கு செலவாயிற்று.

பணியினூடே கேள்வி ஒன்று மீண்டும் மீண்டும் எழுந்தது. எதைக் காப்பது? எதை மாற்றுவது? பழைய பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்தால் எரிபொருட்செலவு பாதியாகும் என்று பலர் அறிவுரை கூறினர். அது உண்மையே, என் ஜீப் லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. ஆயினும் என்ஜினை மாற்றினால் எஞ்சுவது ஜீப்பின் உருவம் மட்டுமே என்று எனக்குப் பட்டது. எனவே அதனைக் காத்தேன். மாறாக, பிரேக்கைக் காக்கவில்லை. பழைய அமைப்பில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் செயலிழக்கும். மலையிறக்கத்தில் அது மரண வாயில். ஆகவே முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாக இயங்கும் அமைப்பைப் பொருத்தினோம். இருக்கை வார்களையும் சேர்த்தோம். பழமையைப் போற்றுவது வேறு. பழமையின் குறைக்கு உயிரைப் பணயம் வைப்பது வேறு.

2021-இல் மற்றுமொரு தெரிவு எதிர்ப்பட்டது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்ய நடுவண் அரசு அவ்வாண்டு விதி வகுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டுகள் செல்லும், ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். ஆனால் அவ்வாறு பதிவு பெற்ற ஊர்தியைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றிற்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. அரிய ஊர்திகளைக் காக்க அவ்விதி தேவையானதே. அந்தத் தனி எண்ணின் பெருமையும் என்னை ஈர்க்காமல் இல்லை. எனினும் “அது மலையேறணும்” என்ற சொல் என்னைத் தடுத்தது. வழக்கமான பதிவையே தொடர்ந்தேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி ஆய்வுக்கு உட்பட்டுப் புதுப்பிக்க வேண்டிய கடமையையும் ஏற்றேன். இன்று அந்த ஜீப் மாதத்தில் இரண்டு மூன்று முறையேனும் குரங்கணிச் சாலையில் ஓடுகிறது.

இதற்கிடையே பெரியவரின் கண்பார்வை மங்கத் தொடங்கியது. உதிரிபாகத்தைத் தேடினால் கிடைக்கும். அதனைப் பொருத்தும் அறிவு மறைந்தால் எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதத் தொடங்கினேன். எந்தத் திருகை எந்த வரிசையில் முறுக்குவது, கிங்பின்னின் இறுக்கத்தை மெல்லிய தகடுகளால் எவ்வாறு சரிசெய்வது, எந்த ஓசை எந்தப் பழுதைக் குறிக்கும் என மூன்று குறிப்பேடுகள் நிறைந்தன. எழுத்தில் அடங்காதவையும் உண்டு. “இறுக்கம் சரியா இருந்தா கைக்குத் தெரியும்” என்று அவர் கூறுவதை ஏட்டில் எழுதலாம். கைக்கு அதனை ஏடு கற்பிக்காது.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் இரு மாணவர்கள் அவருடைய பட்டறைக்கு வருகின்றனர். அவர்களின் மடியில் குறிப்பேடு இருக்கிறது. கையில் ஸ்பேனர் இருக்கிறது. பெரியவர் நாற்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, ஓடும் என்ஜினைக் கேட்கிறார். “மூணாவது சிலிண்டரைப் பாருப்பா” என்கிறார். மாணவன் குனிகிறான்.