வாப்பாவின் கொரோலா

அம்பாறை ரோட்டில் முன்னால் போன டிப்பர் தெறிக்கவிட்ட கல்லால் வாப்பாவின் கொரோலா பொனட்டில் மிளகளவு ஐந்து புள்ளிகள். ஒன்றில் துரு தொடங்கிவிட்டது. உப்புக்காற்றுக்கு இரும்பு கொஞ்சம் தெரிந்தாலே போதும். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் புதுக் கார்கள் வரத் தொடங்கிய நாடு. இருப்பதைத்தானே காக்க வேண்டும்!

பொனட்டுக்குள் தகட்டில் நிற இலக்கம் 040. டொயோட்டாவின் வெள்ளை. துருவை சேண்ட் பேப்பரால் சுரண்டி, துடைத்து, பிரைமர் வைத்தேன். பிறகு பல்குத்தும் குச்சியின் நுனியில் பெயின்டைத் தொட்டு, குழிக்குள் ஒரே ஒரு சொட்டு. காயக்காய அது அமிழும். அஸர் தொழுதுவிட்டு வந்து மறுசொட்டு.

வாப்பா கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தார். "மகன், கதவடியிலயும் ஒண்டு கிடக்கு."