ஒரு மாச நோட்டீஸ்

எங்கள் ஆபீஸ் கிண்டி எஸ்டேட்டில் இருக்கிறது. மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் எம்டன். அவர் ஷூ சத்தம் கேட்டாலே கேன்டீன் காலியாகிவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "அது என்ன சார் எம்டன்?" என்று கேட்டான்.

சனிக்கிழமை அரை நாள். "வாடா, காட்டறேன்" என்று கிளப்பிக்கொண்டு போனேன்.

"வார் செமட்ரி போகணும்" என்றதும் ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வெயில்லயா சார்?" கத்திப்பாராவில் ஒரு சுற்று சுற்றி, பூந்தமல்லி ரோட்டில் நந்தம்பாக்கத்தில் இறக்கிவிட்டார்.

உள்ளே ஒரே அமைதி. ஒட்ட வெட்டிய புல். வரிசை வரிசையாகக் கல். 1952-ல் அமைத்த இடம் இது. இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இங்கே தூங்குகிறார்கள். பின்பக்கம் இன்னொரு நினைவுச் சின்னம். 1914-18 போர்க்காலத்தில் இறந்து, இந்தியாவில் எந்தெந்த ஊர்க் கல்லறையிலோ கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரின் பெயர்கள் அதில்.

"முதல் உலகப் போருக்கும் மெட்ராசுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அங்கேதான் வருகிறார் நம்ம எம்டன். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நூறு குண்டுகளுக்கு மேல் போட்டது. பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பற்றி எரிந்தன. ஜனம் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தது. கப்பல் அதே நவம்பரில் ஒழிந்தது. பெயர் மட்டும் நம் மேனேஜர் வரைக்கும் வந்துவிட்டது.

"ஜெர்மன்காரனுக்கு நம்ம மேல என்ன கோபம்?"

நம்ம மேல ஒன்றும் இல்லை. 1914 ஜூன் 28-ல் சரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டின் கார் ஒரு ராங் டர்ன் எடுத்து நின்றது. எதிரே பிரின்சிப், வயசு 19. சுட்டான். இளவரசரும் மனைவியும் அவுட்.

அன்றைக்கே போர் வரவில்லை என்பதுதான் விசேஷம். சரியாக ஒரு மாசம், நம்ம ஆபீஸ் நோட்டீஸ் பீரியட் மாதிரி, டயம் இருந்தது. ஆஸ்திரியா யோசித்தது, ஜெர்மனி 'தைரியமா பண்ணு, பின்னாடி நாங்க இருக்கோம்' என்றது. ஜூலை 23-ல் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. செர்பியா பெரும்பாலும் ஒத்துக்கொண்டும் போதவில்லை. ஜூலை 28-ல் போர். ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பிரிட்டன் இறங்கினால் மெட்ராசும் இறங்கியதாகத்தானே கணக்கு! இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போன பத்து லட்சம் பேரில் 70 ஆயிரத்துக்கு மேல் திரும்பவில்லை.

பையன் பேசவில்லை. திரும்பும்போது ஆட்டோவை சர்தார் படேல் ரோடு காந்தி மண்டபத்துக்கு விடச் சொன்னேன். மரத்தடியில் காதலர்கள், ஐஸ்கிரீம் கேட்டு அழும் குழந்தை.

"இவரையும் சுட்டாங்க. 1948 ஜனவரி 30" என்றேன். தேசப் பிரிவினை ரத்தம் காயாத நேரம். கொன்றவன் முஸ்லிம் என்று ஒரு வதந்தி கிளம்பியிருந்தால் நாடே எரிந்திருக்கும். முந்திக்கொண்டு அன்று மாலையே ரேடியோவில் சொன்னார்கள், கொன்றவன் இந்து என்று. நேருவும் படேலும் ராத்திரியே பேசி ஜனங்களை அடக்கினார்கள். மகாராஷ்டிராவில் கொலைகாரனின் சாதிக்காரர்கள் வீடுகள் எரிந்தன. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பயந்த அளவுக்குப் பெரிய தீ பரவவில்லை.

அங்கே ஒரு மாசம் இருந்தும் போர். இங்கே ஒரு சாயங்காலத்தில் அணை. தோட்டா சுடுவதோடு சரி. மீதியை முடிவு பண்ணுவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

திங்கட்கிழமை எம்டன் பையனைப் பிடித்து வறுத்தெடுத்துவிட்டார். சீட்டுக்கு வந்தவன் கடகடவென்று ராஜினாமா லெட்டர் டைப் பண்ணினான். ஓடிப் போய்ப் பார்த்தேன்.

"அனுப்பலை சார்" என்றான், லெட்டரை அழித்தபடி. "காந்தி மண்டபம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."