இரண்டு நாள் ஆபீஸ் பயணம்... ஜாம்ஷெட்பூரில் எனக்குக் கிடைத்த ஐந்து மணி நேரம்!

'உனக்கென்ன, கம்பெனி செலவில் ஊர் ஊராகச் சுற்றுகிறாய்' என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காஸ்டிங் வாங்கும் ஊர்களுக்கெல்லாம் போக வேண்டியிருக்கும். போகும் இடமெல்லாம் தொழிற்பேட்டைதான். லாட்ஜ், ஃபவுண்டரி, மீட்டிங், மறுபடி லாட்ஜ். பத்து ஊர் போனாலும் பார்த்தது ஒரே ஊர் மாதிரி இருக்கும். தனியாகப் போகும் பெண் என்றால் இருட்டியபின் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு டி.வி. பார்ப்பதோடு சரி.

ஜார்க்கண்டில் உள்ள ஜாம்ஷெட்பூருக்குப் போக வேண்டி வந்தபோது, இந்த முறை ஊரையும் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். கொல்கத்தா வரை விமானம். பிறகு ஹவுராவிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். இறங்கும் ஸ்டேஷனின் பெயர் டாடாநகர். டிக்கெட் போடும்போது ஜாம்ஷெட்பூர் என்ற பெயரில் ஸ்டேஷனைத் தேட வேண்டாம். காளிமாட்டி என்றிருந்த ஸ்டேஷனுக்குத்தான் டாடாநகர் என்று பெயர் வைத்தார்கள்.

காலை வெளிச்சம் நம் பக்கம்

கிழக்கே போகும் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. நாடு முழுக்க கடிகாரம் ஒன்றுதான், சூரியன் அப்படியில்லை. ஏப்ரல் மாதத்தில் கோவையில் ஆறு மணிக்கு மேல் விடியும். ஜாம்ஷெட்பூரில் ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடுகிறது. ஃபவுண்டரி கார் வருவது எட்டரைக்கு. குளித்துக் கிளம்ப ஒரு மணி நேரம் போனாலும், இரண்டு மணி நேரம் முழுசாக நம்முடையது. தனியாகப் போகும் பெண்ணுக்கு மாலையைவிடக் காலைதான் நல்ல நேரம். நடைப்பயிற்சிக்கு வரும் குடும்பங்கள், தாத்தா பாட்டிகள் என்று எங்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது.

இதற்காகவே ஃபவுண்டரிகள் இருக்கும் ஆதித்யபூரில் தங்காமல், ஊருக்குள் பிஸ்டுபூரில் அறை எடுத்தேன். முதல் நாள் காலை ஜூபிலி பார்க். இரும்பு ஆலை தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி 1958-ல் நேரு திறந்து வைத்த பூங்கா. 200 ஏக்கருக்கும் மேல் பரப்பு. மைசூரு பிருந்தாவனத்தை மனதில் வைத்து அமைத்தது என்பதால், நீரூற்றுகளைப் பார்த்ததும் பழகிய இடம்போலத் தோன்றியது. ரோஜாத் தோட்டத்தைச் சுற்றி வந்தால் உருக்கு ஆலைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இந்தப் பசுமை தற்செயலாக வந்ததல்ல. 1902-லேயே ஜாம்ஷெட்ஜி டாடா தன் மகன் தொராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அமையப்போகும் தொழில் நகரத்தில் அகலமான தெருக்கள், நிழல் மரங்கள், விளையாட்டு மைதானங்கள், எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு இடங்கள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆலைக்கு இடம்கூட முடிவாகாத காலம் அது. 1904-ல் அவர் இறந்துவிட்டார். சாக்சி என்ற கிராமத்தில் ஆலை எழுந்து, 1912-ல் உருக்கு வெளிவந்தது. ஊருக்கு அவர் பெயரைச் சூட்டியது 1919-ல்.

அடகுக்குப் போன வைரம்

மாலையில் வேலை முடிந்து கர்காய் ஆற்றைத் தாண்டி வரும்போது, "பையா, தொராப்ஜி பார்க்கில் ஒரு அரை மணி நேரம்" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டேன். அங்கே வைரத்தின் வடிவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் கதைக்காகவே போனேன்.

முதல் உலகப் போருக்குப் பின் இரும்பு விலை சரிந்து, 1924-ல் ஆலையில் சம்பளம் கொடுக்கவே பணமில்லாத நிலை. தொராப்ஜியும் மனைவி மெஹர்பாயும் தங்கள் சொந்தச் சொத்துகளை இம்பீரியல் வங்கியில் அடகு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார்கள். அதில் மெஹர்பாயின் ஜூபிலி வைரமும் ஒன்று. 245 காரட். கோஹினூரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆலை பிழைத்தது, வைரமும் திரும்பி வந்தது. 1931-ல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு தொராப்ஜியும் போய்ச் சேர்ந்தார். பிறகு வைரத்தை விற்ற பணம் அவர் பெயரிலான அறக்கட்டளைக்குப் போனது. மும்பையில் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையை 1941-ல் உருவாக்கியது அந்த அறக்கட்டளைதான்.

அங்கே நின்றபோது எனக்கு என் அம்மாவின் நான்கு வளையல்கள் ஞாபகத்துக்கு வந்தன. என் இன்ஜினீயரிங் படிப்பின் ஒவ்வொரு ஃபீஸுக்கும் அவை வங்கிக்குப் போய்வரும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம்தான் நிரந்தரமாக அம்மா கைக்கு வந்தன. கோடீஸ்வரியின் வைரமும் எங்கள் வீட்டு வளையலும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனால் நெருக்கடி வந்தால் முதலில் கழற்றப்படுவது பெண்ணின் நகை என்பது அரண்மனைக்கும் ஓட்டு வீட்டுக்கும் பொதுதான் போல. அங்கிருந்தே அம்மாவுக்கு போன் செய்து கதையைச் சொன்னேன். "அவங்களுக்கும் திரும்பி வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஊரைப் பற்றிப் பேசினால்...

மறுநாள் காலை தோமுஹானிக்கு ஆட்டோ. கர்காய், சுவர்ணரேகா ஆறுகள் சேரும் இடம். சுவர்ணரேகா என்றால் பொன் கோடு. தூரத்தில், யானைகள் வாழும் தல்மா மலைத்தொடர் தெரிந்தது. மலையேற நேரமில்லை. பார்த்ததே போதும் என்று திரும்பினேன்.

அன்றைய மீட்டிங்கில் ஒரு மாற்றம். முதல் நாள் துளை விழுந்த காஸ்டிங் பற்றி இறுக்கமாகப் பேசிக்கொண்டிருந்த ஃபவுண்டரிக்காரர்கள், நான் தோமுஹானி போய்வந்தேன் என்றதும் முகம் மலர்ந்தார்கள். மதியம் லிட்டி சோக்கா வரவழைத்தார்கள். சத்துமாவு வைத்துச் சுட்ட கோதுமை உருண்டையும், சுட்ட கத்திரிக்காய், உருளைக்கிழங்கு மசியலும். வாக்குவாதம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. திருப்பி அனுப்ப வேண்டிய காஸ்டிங்குகளின் பட்டியலில் மாலைக்குள் கையெழுத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வாங்கியது அரை கிலோ சத்து, அதாவது வறுத்த கடலை மாவு. மோரில் உப்பு, வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் கொடுத்தேன். "நம்ம பொட்டுக்கடலைக்கு அக்கா மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

ஆபீஸ் பயணம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் தங்காமல் ஊருக்குள் தங்குங்கள். அந்த ஊரில் எத்தனை மணிக்கு விடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம் போதும். கிளம்பும் முன் ஊரின் கதை ஒன்றையாவது படித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிடைக்காத இரண்டு மணி நேரம் வெளியூரில் கிடைத்தால், அதைத் தூங்கியே கழிப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் அடுத்த முறை ஒரு காலை மட்டும் வெளியே வந்து பாருங்கள்.