லே நகரின் குளிரும் ஒரு புட்டி எண்ணெயும்

மார்கழி, தை மாதங்களில் லடாக்கின் லே நகருக்குச் செல்ல எண்ணுகிறீர்களா? கம்பளிகளோடு ஒரு புட்டி எண்ணெயையும் மறவாதீர்கள். நான் மறந்தேன், மூன்றாம் நாளே கணைக்கால்கள் சொறிந்து சொறிந்து இரத்தம் கசிந்தன.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ப் பாலைவனம் அது. ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்; சென்னையில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கக்கூடிய மழை! குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அக்காற்றை அறைக்குள் ‘புகாரி’ என்னும் இரும்படுப்பு சூடாக்குகையில், அது மேலும் வறண்டு நம் தோலின் ஈரத்தைக் கவர்கிறது. அடுப்பின் மேல் எப்போதும் தண்ணீர்ப் பாத்திரம் இருப்பது தேநீருக்காக மட்டுமன்று என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

குளிருக்கு இதமென்று கொதிநீரில் நெடுநேரம் குளித்ததே என் பெரும் பிழை. அது தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும். வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளியுங்கள், சோப்பைக் குறையுங்கள். ஒளுச் செய்தபின்னும் ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் உலருமுன் வாசலினையோ எண்ணெயையோ தடவுங்கள். அவ்வூரார் ஆப்ரிகாட் கொட்டையின் எண்ணெயைப் பூசுவர். எனக்கும் அதுவே கைகொடுத்தது. கம்பளிக்கு உள்ளே பருத்தியாடை அணியுங்கள்.

ஆனால் இரவில் அரிப்பு மிகுந்து, உடனிருப்போருக்கும் அவ்வாறே அரித்தால் அது வறட்சியன்று, சிரங்காக இருக்கலாம்; எண்ணெயை நம்பியிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.