சிவப்பு நட்டு

நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை, கொழும்பிலிருக்கும் என் தங்கையின் மகன் கைத்தொலைபேசியில் நாலைந்து படங்கள் அனுப்பியிருந்தான். பழைய பட்டாள லொறி ஒன்றை வாங்கித் திருத்துகிறானாம். சப்பை மூக்கு, மேல்விளிம்பு முன்னே தள்ளிச் சாய்ந்து நிற்கும் கண்ணாடி. பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"மாமா, மூத்தாப்பாட லொறி மாதிரியே இல்லையா?" என்று எழுதியிருந்தான்.

அதேதான். ஆனால் என் கண் போய் நின்றது சில்லுகளில். நாலும் பளபளவென்று கறுப்பு. நட்டுகளும் கறுப்பு.

எங்கள் வாப்பா கிண்ணியாவில் விறகும் நெல்லும் ஏற்றிப் பிழைத்தவர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியபோது புதிய லொறி என்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கனவிலும் இல்லை. திருகோணமலையைச் சுற்றி வெள்ளைக்காரன் விட்டுப்போன வாகனங்கள்தான் கதி. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட துறைமுகம் அது. 1957இல்தான் கடற்படைத் தளம் எங்கள் கைக்கு வந்தது. அந்த இடைவெளியில் கழித்துவிடப்பட்டவை ஏலத்தில் போய், கொந்தராத்துக்காரர்களின் கையில் மாறி மாறி, கடைசியில் துருவும் தூசுமாக எங்களைப் போன்றவர்களை வந்தடைந்தன. வாப்பா வாங்கியது 1964இல், மூன்றாவது கையிலிருந்து. செவ்ரொலே, பதினைந்து அந்தர் வகை, நாலு சில்லும் இழுக்கக்கூடியது. யுத்த காலத்தில் கனடாவில் ஃபோர்ட் கம்பனியும் ஜெனரல் மோட்டர்ஸும் இந்தக் குடும்பத்து லொறிகளை நாலு இலட்சத்துக்கும் மேலே செய்து தள்ளின. கண்ணாடி அப்படிக் குப்புறச் சாய்ந்திருப்பது வெயில் பட்டு மின்னி ஆகாயவிமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவாம். எங்களுக்கு அதனால் கிடைத்த நன்மை, மழைத்தண்ணீர் கண்ணாடியில் அதிகம் தங்காது என்பதுதான்.

வாங்கப் போனபோது வாப்பா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. "சத்தம் எவனும் ஒரு நாளைக்கு நல்லாக்கிக் காட்டுவான்" என்பார். அடியில் படுத்துச் சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் கீறிப் பார்த்தார். முன் அச்சின் உருண்டை மூட்டுகளில் ஒயில் வழிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகுதான் விலை பேசினார்.

எஞ்சின் ஆறு சிலிண்டர். அதே எஞ்சின் செவ்ரொலே கார்களிலும் சாதாரண லொறிகளிலும் இருந்தபடியால் பஞ்சிகாவத்தையில் தேடினால் சாமான் கிடைக்கும். அந்த வகை எஞ்சினுக்கு ஒரு குணமுண்டு. கொன்ரொட்டுகளின் பேரிங் ஈயக்கலவை ஊற்றியது. ஒவ்வொரு கொன்ரொட்டின் அடியிலும் சின்னக் கரண்டிபோல ஒன்று தொங்கும். அது சுழன்று ஒயிலை அள்ளிக்கொண்டால்தான் பேரிங்குக்கு உயிர். ஒயில் குறைந்தாலோ வெறிபிடித்தவன்போல ஓடினாலோ ஈயம் உருகிவிடும். தட்டல் சத்தம் கேட்கத் தொடங்கினால் வாப்பா அடிச்சட்டியைக் கழற்றி, பேரிங் மூடிக்கு இடையிலுள்ள தகடுகளில் ஒன்றை உருவி எடுத்து, திரும்பவும் இறுக்குவார். பத்து வயதில் அவருக்கு விளக்குப் பிடித்ததெல்லாம் நான்தான்.

ஓட்டுவது வேறொரு கலை. கியர் மாற்ற கிளச்சை ஒருமுறை மிதித்தால் போதாது. மிதித்து நடுவுக்கு எடுத்து, விட்டு, இறக்கமான கியருக்கென்றால் இடையில் ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி மிதிக்க வேண்டும். தவறினால் பல்லோடு பல் அரைபட்டு ஊரே திரும்பிப் பார்க்கும். முன் சில்லுக்கு இழுவை கொடுக்கும் கம்பு மணலுக்கும் சேற்றுக்கும் மட்டுந்தான். தார் ரோட்டில் அதைப் போட்டபடி வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி ஏதாவதொன்று உடையும். பிரேக் நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் வழி. ஒரு குழாய் கசிந்தால் நாலும் போய்விடும். ஆகவே பாதைக்கு இறங்கும் சரிவில் வாப்பா பிரேக்கை நம்பவே மாட்டார். முதலாம் கியரில் இறங்குவார். பக்கத்தில் கிளீனர் மரக்கட்டையோடு நடந்து வருவான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் 'பாதை' என்றால் வெறும் ரோட்டுதான். எங்களுக்கு அது லொறியோடும் மாட்டோடும் மாப்பிள்ளையோடும் ஆற்றைக் கடந்த மிதவை.

இனிச் சில்லுக்கு வருகிறேன். அந்த லொறியின் றிம் ஒரே துண்டல்ல. இரண்டு பாதி. நடுவில் டயரை வைத்து, இரண்டு பாதியையும் சுற்றிவர நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். உள்வட்டத்திலுள்ள நட்டுகள் சில்லை லொறியோடு பிடிப்பவை; பஞ்சரானால் கழற்ற வேண்டியவை அவை. வெளிவட்டத்து நட்டுகள் காற்றை அடக்கிப் பிடித்திருப்பவை. காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால் றிம் பிளந்து பாயும். அதனால்தான் பட்டாளத்தில் அவற்றுக்குச் சிவப்புப் பூசியிருந்தார்கள். எழுத்தறியாதவனுக்கும் விளங்கும் எச்சரிக்கை அது.

1966இல் ராத்தாவின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்த லொறியில்தான் ஏறவேண்டும் என்பதால் வாப்பா பச்சைப் பெயின்ற் வாங்கி வந்தார். கூடை அவர் பூசினார். சில்லுகளை என்னிடம் விட்டார். எனக்குப் பதினொரு வயது. வெளிவட்டத்து நட்டுகளில் பழைய சிவப்பு மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவற்றையும் பச்சையாக்கினேன். "இதுக்கும் பூசவா வாப்பா?" என்று கேட்டேனா, கேட்கவில்லையா? ஏறத்தாழ அறுபது வருடமாக நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. வாப்பா பின்னேரம் வந்து பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு மகன்" என்றது மட்டும் காதில் இருக்கிறது.

கலியாணம் முடிந்து நாலு மாதம். பழைய கிளீனர் விலகி, புதிதாக ஒரு பொடியன் வந்திருந்தான். அவன் பெயரை எழுதமாட்டேன். அவனுடைய சகோதரிகள் ஊரில் இருக்கிறார்கள். கந்தளாய் ரோட்டில் ஒரு பின் சில்லில் மெல்ல மெல்லக் காற்றுப் போவதைக் கண்டு நிறுத்தியிருக்கிறார்கள். லுஹருக்கு நேரமாகிவிட்டது, வாப்பா பக்கத்துக் கிணற்றடிக்கு உளூச் செய்யப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டுமென்று பொடியன் நினைத்திருக்கிறான். ஜக் போட்டு, கைக்கு முதலில் அகப்பட்ட நட்டுகளைக் கழற்றியிருக்கிறான். எல்லாம் ஒரே பச்சை.

வெடிச்சத்தம் கேட்டு யாரோ மான் சுடுகிறான் என்றுதான் வாப்பா நினைத்தாராம்.

அஸருக்குப் பிறகு பாதையில் ஜனாஸா வந்தது. கரையில் ஊர் திரண்டிருந்தது. நான் உம்மாவின் பின்னால் நின்றேன்.

வாப்பா எனக்கு ஏசவில்லை. அன்றிரவு மண்ணெண்ணெய்ப் போத்தலும் கம்பித் தூரிகையும் எடுத்துக்கொண்டு போய், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு நட்டாகச் சுரண்டினார். யார் கேட்டாலும் "நான்தான் பெயின்ற் அடிச்சேன்" என்றே சொன்னார். பொடியனின் உம்மா "அல்லாஹ்வுடைய நாட்டம்" என்று மன்னித்துவிட்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு மூடை நெல் அவள் வீட்டுக்குப் போனது, வாப்பா மௌத்தான 1983 வரைக்கும். லொறியை 1971இல் விற்றபோது, வாங்கியவரைச் சில்லுக்கு முன்னால் குந்தவைத்து அரை மணித்தியாலம் விளக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

மருமகனின் படங்களைப் பார்த்த அடுத்த நாளே பஸ் ஏறினேன். கராஜ் பொடியன்களைக் கூட்டிச் சொன்னேன்: சில்லை முழுசாகக் கழற்றி நிலத்தில் போடுங்கள், வால்வை உருவி ஒரு துளிக் காற்றும் இல்லையென்று கண்டபிறகு வெளிவட்டத்தில் கை வையுங்கள், பூட்டிக் காற்றடிக்கும்போது சங்கிலியால் சுற்றிக் கட்டித் தள்ளி நில்லுங்கள். மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவன் மட்டும், "கறுப்புத்தானே அங்கிள் ஸ்டைல்" என்றான்.

நான் கொண்டுபோன சிவப்பு டின்னைத் திறந்து தூரிகையை எடுத்தேன். கை நடுங்கி, பெயின்ற் றிம்மில் வழிந்தது. மருமகன் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். அவன் குந்தியிருந்து பூசினான். நான் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.